சுட்டெழுத்து

அரசனில்லாக் கோட்டை, தண்ணியில்லா ஆறு என்று
எங்கள் ஊரைப் பற்றி ஒரு வசவு உண்டு.
வெளியூர்க்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். நாங்களும்தான்.
கோட்டைக்குள் ராஜா இல்லையே தவிர
ஆபீஸ்கள் உண்டு.

மாலைப் பேப்பரில் தலைப்பு வைக்கிற வேலை எனக்கு.
ரவுடிகள் அராஜகம்.
மணல் லாரிகள் அராஜகம்.
போன வாரம் பள்ளிகொண்டா பக்கம் ஒரு பையனை
ஸ்டேஷனில் வைத்து அடித்தார்கள்.
போலீஸ் அராஜகம் என்று வைத்தேன்.
அச்சேறிய பிறகுதான் உறைத்தது:
ராஜாங்கம் அடித்த அடிக்கு
ராஜா இல்லை என்று பேர்.

குடியிருப்பது ஆஸ்பத்திரிக்குப் பின்சந்து லாட்ஜில்.
மால்டா, சில்சார், துர்காபூர், பலமனேர்,
ஸ்கேன் முடிவுக்குக் காத்திருக்கிற முப்பத்தொரு அறை.
கீழே பொதுச் சமையல்கட்டு, ஆறு அடுப்பு.
மேனேஜர் துளசிங்கம்
கத்திரி வெயிலில் ஒரு மத்தியானம்
சாவிக்கொத்தை ஆணியில் மாட்டிவிட்டு
டீ குடிக்கப் போனான்.
வரவில்லை. ஓனர் போன் எடுக்கவில்லை.

பத்தொன்பது நாள்.

முதல் நாள் சண்டை.
மீன் பொரித்த கடாயில் யாரோ பால் காய்ச்சிவிட்டார்கள்.
இரண்டாம் நாள் ஒரு குக்கர் காணாமல் போனது,
கடைசிவரை கிடைக்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.
மூன்றாம் நாளோ நான்காம் நாளோ,
ஆறரை மணிக் கீமோவுக்குப் போகிறவர்களுக்கு
ஜன்னலோர அடுப்பு இரண்டும் என்று ஆகியிருந்தது.
யார் சொன்னது?
ரொக்கேயா, ஷிப்ரா சொன்னாள் என்றாள்.
ஷிப்ரா, ஏசுபாதத்தைக் கை காட்டினாள்.
ஏசுபாதத்துக்கு வங்காளி தெரியாது.
ஷிப்ராவுக்குத் தமிழில் உப்பு மட்டும் தெரியும்.

வாடகை பிஸ்கட் டப்பாவில்,
பக்கத்தில் கோடு போட்ட நோட்டு, நூலில் கட்டிய பென்சில்.
தண்ணீர் லாரி வரும் நாளில்
மூன்றாம் மாடியில் எழுந்திருக்க முடியாதவரின் குடமும்
வரிசையில் நின்றது.
அதைத் தூக்கி வைத்தது யாரென்று
பார்த்தேனா, இல்லையா, நினைவில்லை.
என் பெயருக்கு எதிரே இரண்டு நாள் காலி.
ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

இருபதாம் நாள் புது மேனேஜர் வந்தான்.
டப்பாவைக் கவிழ்த்து எண்ணினான். மறுபடி எண்ணினான்.
முந்நூற்றைம்பது ரூபாய் அதிகம்.
குறைந்திருந்தால் அவனுக்குப் புரிந்திருக்கும்.

ஷிப்ரா, புருஷனை ஆம்புலன்சில் ஏற்றிப்போன விடியலில்
விடியாத அந்த நாளுக்கும் சேர்த்து
போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

"இத்தனை நாளா ஒரே அராஜகமா இருந்திருக்கு" என்றான்.
சாயங்காலத்துக்குள் போர்டு தொங்கியது:
சமையல் நேரம் ஏழு முதல் ஒன்பது. மீறினால் அபராதம்.
மறுநாள் ஆறரை மணிக்காரர்கள்
பன்னைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுவிட்டு
போனார்கள்.

இன்று ராத்திரி மேசையில் வேறொரு செய்தி.
ஏதோ கும்பல், ஏதோ கல்வீச்சு.
பழகிய விரல் அ அடித்துவிட்டு
நிற்கிறது.

வடமொழியில் இந்த எழுத்து
இல்லை என்னும்.
தமிழில் இது சுட்டும்:
அங்கே,
அந்த ஜன்னலோரம்,
அவர்கள்.

ஃபோர்மேன் கத்துகிறான், பக்கம் மூட வேண்டும்,
மூணு சொல் போதும் சார்.

என்னிடம் ஒரு எழுத்து இருக்கிறது.