சன்னமா, பொதுவா

அடங்கல் எழுத வந்த கிராம நிர்வாக அலுவலர்
வரப்பிலேயே நின்றுகொண்டார். செருப்பு புதுசு.
"என்ன போட்டிருக்கீங்க?"
குளநெல், என்றேன்.
"அது குளத்துல கெடக்கறது. வயல்ல என்ன?"
அதேதான் சார்.
தரிசு என்று எழுதிக்கொண்டு போனார்.

அவர்மேல் தப்பில்லை.
தில்லைவிளாகத்துக்குக் கிழக்கே
ஆறு கடலிடம் கணக்கை ஒப்படைக்கிற இடத்தில்
என் ஒன்றரை மா.
மேட்டூர் திறந்த சேதி அன்றைக்கே செல்போனில் வந்துவிடும்.
தண்ணீர் வருவதற்குள்
நாற்றங்காலில் நாற்று பழுத்திருக்கும்.
வந்தால் ஒரேயடியாக வரும்,
ஐப்பசியில், இடுப்பளவு.

எருமை இறங்கும் குளத்தின் தென்கரையில்
அது மட்டும் சாகாமல் நிற்பதைப் பார்க்காதவர் இல்லை.
வெள்ளம் ஏற ஏறத் தண்டை நீட்டி மிதக்கும்.
வடிந்தால், படுத்த இடத்தில்
கணுவுக்குக் கணு வேர்.
பத்து தூர் பெயர்த்து
மீன்காரர் சாதிக் பாட்சாவின் ஐஸ் பெட்டியில் ஏற்றி வந்து நட்டேன்.
அடுத்த வருஷம் நட வேண்டியதில்லை,
அதற்கடுத்த வருஷமும்.
அதுதான் சங்கடம்.
வேலை இல்லாத வயலில்
ஆள் எங்கே போய் நிற்பது?

முதல் வருஷம் வெறும் இலை.
கமலவேணி மாட்டுக்கு அறுத்துப் போட்டாள்.
இரண்டாம் வருஷம் கதிர்.
ஒவ்வொரு மணிக்கும் விரல் நீளத்தில் சிவந்த வால்,
தொட்டால் சுணை.
பக்கத்து வயல் அமிர்தகடேசன் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"களைக்கு வரப்பு வெட்டின ஒரே ஆளு நீதான்யா."

அவருடைய சம்பா காத்திருக்கும்.
பழுத்த பிறகும் பத்து நாள் தலைகுனிந்து
மெஷின் வரும்வரை
ஒரு மணியைக் கீழே விடாது.
எத்தனை அரிவாளைப் பார்த்துப் பார்த்து
அந்தப் பிடிப்பு வந்ததோ.

இதற்கு என்னைத் தெரியாது.
மேல்மணி பழுத்து விழும்போது கீழ்மணியில் பால்.
எல்லாம் பழுக்கட்டும் என்று இருந்தேன்.
கார்த்திகை பதினெட்டாம் தேதி போய்ப் பார்த்தால்
கதிர் நிற்கிறது,
கடைசி நிறுத்தத்தில் பஸ் நிற்கிற மாதிரி.
நெல்லெல்லாம் சேற்றுக்குள்.
வால் மட்டும் வெளியே.

மூன்றாம் வருஷம் பழைய கொசுவலை.
கமலவேணி இருநூற்றுப் பன்னிரண்டு பை தைத்தாள்,
எண்ணி எண்ணித் திட்டியபடி.
பால் பிடித்த கதிர்களுக்கு ஒவ்வொன்றாய் மாட்டினோம்.
விழுவதை நாங்கள் தடுக்கவில்லை,
விழும் இடத்தை மாற்றினோம்.
மார்கழியில் அவிழ்த்துக் கொட்டி அளந்தால்
மூன்று படியும் ஒரு கைப்பிடியும்.

படியை மில்லில் வாங்கவில்லை.
மிக்ஸியில் இரண்டு சுற்று, புடைத்து, மறுபடி இரண்டு சுற்று.
கஞ்சி சிவப்பாக இருந்தது.
"எப்படி இருக்கு?" என்றேன்.
"நாக்குல கொஞ்சம் குளம் இருக்கு" என்றாள்,
இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டு.

கைப்பிடியைத் துண்டில் முடிந்து,
தையில், அமிர்தகடேசனின் மூட்டைகளோடு
கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். சும்மாதான்.
பட்டியல் எழுத்தர் ஈரப்பதம் பார்க்கும் கருவியில் போட்டார்.
வால் மாட்டிக்கொண்டு மூடி மூடவில்லை.
"சன்னமா, பொதுவா?"
கம்ப்யூட்டரில் இரண்டு கட்டம்தான் இருந்தது.
எருமையை நினைத்தேன், சில்லைக்குருவியை,
சேற்றை, போன வருஷத்து விளைச்சல் முழுக்க எடுத்துக்கொண்ட
அந்தச் சேற்றை.
பொது, என்றேன்.
சிரித்துவிட்டு, திருப்பித் தட்டிக் கொடுத்தார்.
கொஞ்சம் கீழே சிந்தியது.

இந்தத் தையில் மறுபடி போயிருந்தேன்.
தார்ப்பாய்த் தண்ணீர் வடிகிற பள்ளத்தில்,
சிமெண்ட் தரை ஓரமாக, ஒரு தூர்.
மூட்டை இறக்குகிறவர் அதன்மேல் கால்வைத்து
பீடி பற்றவைத்தார்.
காலை எடுத்ததும் அது நிமிர்ந்தது, முழுக்க அல்ல.
ஒரு மணியின் வால்
அவர் கைலியில் மாட்டிக்கொண்டு
லாரி ஏறிப் போயிற்று.