அரைக் கை

நான் அந்த வகுப்பின் ஆசிரியை இல்லை.
பலகைக்குப் பக்கத்தில் ஜொனெல் பார்க்கும்படி நின்று
மற்றவர் வாயால் சொல்வதைக் கையால் சொல்பவள்.
மணிக்கு இருபத்தெட்டு டாலர்.
என் வெளுத்த விரல்கள் தெளிவாகத் தெரியவேண்டும் என்று
தினமும் கறுப்புச் சட்டை.

விக்ஸ்பர்க்கில் மார்ச் மாதம்.
ஜன்னலுக்கு வெளியே மேட்டில் ஒரு பழைய பீரங்கி,
அதன் வாயில் யாரோ செருகிய குளிர்பானக் குப்பி.
போருக்கு இரண்டு வாரம் ஒதுக்கியிருந்தது பாடத்திட்டம்,
அடிமைமுறைக்கு மூன்று நாள்.

அடிமை என்று சொல்ல
இரண்டு முஷ்டிகளை மணிக்கட்டில் குறுக்கே வைத்துச் சுழற்றவேண்டும்.
திங்களன்று மட்டும் நாற்பத்தொரு முறை,
எண்ணியது வெண்டெல்.
செவ்வாயன்று ஜொனெல் என்னை நிறுத்தினாள்:
கட்டிய கைகளைக் காட்டுகிறாய். கட்டியவன் எங்கே?

அன்றிலிருந்து முதலில் கயிறு முறுக்கும் கை,
பிறகுதான் கட்டுண்ட கைகள்.
ஒரு சொல்லுக்கு இரு மடங்கு நேரம்.
டீச்சரின் வாக்கியத்துக்குப் பின்னால்
மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருக்கிறேன்.

புதன். ஒரு பருத்தித் தோட்டத்தின் கணக்கேடு, ஒற்றைப் பக்கம்.
பெயர், வயது, விலை.
மனிதர் முடிந்த வரிக்கு அடுத்த வரியில் கோவேறு கழுதை.
முழுக் கை, அரைக் கை, கால் கை,
ஆளை அப்படித்தான் அளந்தார்களாம்.

கிளைபோர்ன் டீச்சர் நல்லவர்.
நகலெடுக்கும்போது கடைசி வரிகளின் மேல்
ஒரு வெள்ளைத் தாளை வைத்துவிட்டார்,
இந்த வகுப்புக்கு இது வேண்டாமே என்று.
ஆனால் தாடியஸின் பிரதி ஜாக்சன் நகரத்திலிருந்து வந்தது,
பிரெயில் புள்ளிகளில்.
அங்கே யாரும் எதையும் மூடவில்லை.

எங்கள் தாள் முடிந்த இடத்தைத் தாண்டிப் போனது அவன் விரல்.
"டீச்சர், இன்னும் இருக்கு.
கேட்டோ. நாற்பது வயது. குருடன்.
மதிப்பு ஒன்றுமில்லை."
ஒருவரும் பேசாததால்
கேட்கவில்லை போலும் என்று இன்னும் உரக்கப் படித்தான்.

எல்லார் முகமும் ஏன் நின்றுவிட்டது என்றாள் ஜொனெல்.
சொன்னேன்.
ஐந்து விரலும் கூடிச் செய்யும் ஒரு வட்டம்,
நடுவில் காற்று.

காது கேளாதவர் உண்டா? அவள் கேட்டதை
என் குரலில் கேட்டேன்.
விரல் இரண்டு வரி இறங்கியது.
"ஃபீபி. பதினாறு. செவிடு. அரைக் கை. இருநூறு டாலர்."
ஜொனெல் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
அரையா?

டீச்சர் வெண்டெலின் மேசை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.
அவனுக்கு அது பிடிக்காது. அளவுகோலை நகர்த்திக்கொண்டான்.
"மறைத்தது நான்தான்" என்றார்.
அதையும் சொன்னேன். எதையும் விட எனக்கு உரிமையில்லை.

"ஓரத்துல ஒரு குறிப்பு" என்றான் தாடியஸ்.
"ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து மூணு, ஜூன்.
வடக்குப் படைகிட்ட ஓடிப்போனதால் நஷ்டம்:
ஃபீபி. கேட்டோ."

வெண்டெல் காதுக்கவசத்தைக் கழற்றினான்.
"கணக்கு தப்பு.
ஒன்றுமில்லாதவன் போனா
நஷ்டம்னு எப்படி எழுதலாம்?"
பீரங்கி இருந்த மேட்டைப் பார்த்தார் டீச்சர்.
பதில் வரவில்லை. மணி அடித்தது.
முதல்முறையாக ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

சைகையில் பெயர் வைக்கும் உரிமை எனக்குக் கிடையாது,
காது கேட்பவள் நான்.
ஜொனெல் வைத்தாள்:
ஒரு கையைப் பற்றியபடி இன்னொரு கை
இருட்டுக்குள் போவதுபோல ஒரு பெயர்.
யார் யாரை நடத்திப் போனார் என்று அதில் தெரியாது.
தாடியஸால் அதைப் பார்க்க முடியாதே,
அவன் உள்ளங்கையைப் பிரித்து
அதற்குள் மெல்ல எழுதினாள்.

மாலையில் அலுவலக வாசலில் வருகைப் பதிவேடு.
என் பெயர். ஆறு மணி நேரம். அடுத்த கட்டம் தொகை.
பேனாவைத் திறந்தேன்.
பின்னால் ஓட்டுநர் ஒருவர்
கையெழுத்துப் போடக் காத்திருந்தார்.