நூற்று முப்பத்தொன்பது

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி லேபில்
ராத்திரி ரெண்டு மணிக்கு
இரத்தம் வந்துகொண்டேயிருக்கும்,
விரல் நீளக் குழாய்களில்.
கூடவே கதையும் கொண்டுவருவான்
வார்டு மிக்கேலடிமை.

"இது சின்னத்துறை ஆளு.
எஞ்சின் கெட்டு, ரெண்டு நாள் கடலிலே கிடந்தவன்.
குடிக்க ஒரு சொட்டு வெள்ளம் கிடையாது."
ஊசி உறிஞ்சியது. திரையில் சோடியம்
நூற்று நாற்பத்துநாலு.
எல்லைக்கு ஒரு புள்ளி உள்ளே.
அவனைச் சுற்றி அவ்வளவு உப்பு அலையடித்தும்
உள்ளே விடவில்லை யாரோ.

புத்தளம் உப்பளத்துக்காரி, காலெல்லாம் அரிப்புப் புண்:
நூற்று நாற்பது.
குலசேகரத்தில் விடியுமுன் ரப்பர் வெட்டுகிறவர்,
பாம்பு கடித்ததோ முள் குத்தியதோ தெரியாமல்
பயந்து வந்தவர்:
நூற்று முப்பத்தெட்டு.
பயம் இந்த எந்திரத்தில் தெரியாது.

அப்புறம் அந்தக் குழாய்.
நூற்றுப்பதினாறு.
மறுபடி ஓட்டினேன். நூற்றுப்பதினாறு.
வடசேரி ஜவுளிக்கடைக் கணக்கர்,
தாணுமாலயன், வயது அறுபத்திரண்டு.
வெள்ளம் குடித்தால் கல் கரையும் என்று
யாரோ சொல்ல, குடம் குடமாய்க் குடித்திருக்கிறார்.
இப்போது கட்டிலில் எழுந்திருந்து
நர்சிடம் அன்றைய சிட்டையைக் கேட்கிறாராம்,
பதினேழு ரூபாய் இடிக்கிறதாம்.

போன் செய்தேன்.
"மெல்லத்தான் ஏற்றணும்," என்றார் டியூட்டி டாக்டர்,
எனக்கில்லை, தனக்கே சொல்வதுபோல.
இறங்கின உப்பை ஓடி ஏற்றினால்
மூளை பொறுக்காது.

எந்திரத்தின் மேல் எனக்கு ஒரு சந்தேகம்.
சாயங்காலம்தான் எலெக்ட்ரோடு மாற்றியிருந்தது.
சரிபார்க்க வேறு ஆள் இல்லை.
இடது கையில் பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டி
நானே குத்தி எடுத்தேன்.
பேர் எழுதும் இடத்தில்
'சோதனை' என்று மட்டும் எழுதினேன்.

என் பைக்குள் சொசைட்டி நோட்டீசு கிடந்தது.
அடுத்த புதனில் என் வளையல் நாலும் ஏலம்.
மத்தியானம் பிரித்ததிலிருந்து
கட்டிவந்த மரச்சீனிக்கிழங்கும் மீனும்
டப்பாவில் அப்படியே.

நூற்று முப்பத்தொன்பது.
இன்னொரு தடவை: முப்பத்தெட்டு.
இன்னொரு தடவை: முப்பத்தொன்பது.
கட்டுமரத்தில் நிற்கிறவன் முழங்கால் மாதிரி
அங்கே இங்கே ஆடிக்கொண்டு,
விழாமல்.

சர்க்கரை நூற்றிரண்டு.
பதினாலு மணிநேரமாக நான் எதுவும் போடவில்லை.
ஈரல் தன் பெட்டியைத் திறந்து
கொஞ்சம் கொஞ்சமாய் எடுத்து விட்டிருக்கிறது.
ஈடு கேட்கவில்லை. கையெழுத்துக் கேட்கவில்லை.

மணக்குடியில் காயல் பெருகினால்
மண்வெட்டியோடு ஆள் திரண்டுபோய்
பொழி முறிப்பார்கள்.
அதற்கு முன் ஊர்க்கூட்டம், இரண்டு கரைக்கும் வழக்கு,
கலெக்டருக்கு மனு.
கடல் ஒரே வாரத்தில் மணலைக் கொண்டுவந்து
மறுபடி அடைத்துவிடும்.
என் முதுகுக்குள் இரண்டு அவரைவிதைகள்
ராத்திரி பகலாய்ப் பொழி முறித்து, பொழி அடைத்து,
எனக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கோபம்கூட வந்தது எனக்கு.
இவ்வளவு ஆன பிறகும்
ஒரு புள்ளி கூடவா சாய மாட்டாய்?
ஏலத்துக்குப் போகிறவளின் இரத்தம்
தூங்குகிற பிள்ளையின் இரத்தம் மாதிரியா இருப்பாய்?

ஐந்து மணிக்குக் கணக்கரின் அடுத்த குழாய் வந்தது.
நூற்றுப்பத்தொன்பது.
சிட்டையை விட்டுவிட்டாராம். பெண்சாதியின் பேரைச்
சரியாகச் சொன்னாராம். பதினேழு ரூபாய் மட்டும்
இன்னும் இடிக்கிறதாம்.

சன்னலுக்கு வெளியே முதல் பஸ் உறுமியது.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது எனக்கு.
அதுவும் ஒரு நோட்டீசுதான்,
உள்ளேயிருந்து வந்தது.

இரண்டில்
இதற்குப் பதில் என்னிடம் இருந்தது.
குழாயைத் திறந்து
குனிந்து
கைநிறையக் குடித்தேன்.