நான்காம் தளம், இடப்பக்கம்

கடல் பார்க்கலாம் என்று வாங்கிய
விலை குறைந்த அறையின் பால்கனியில்
காலை ஏழரை மணிக்கு
ஒரு சுவர் வந்து நின்றது.

கை நீட்டினால் தொடலாம். தொட்டேன்.
நூறு வருஷத்துக் கான்கிரீட்,
வழவழவென்று ஈரம்,
நகக்கண்ணில் கொஞ்சம் பாசி.

மேல்தளத்தில் விடியுமுன்பே
துண்டு போட்டு இடம் பிடித்திருந்தார்கள்.
அங்கிருந்து எனேய்தாவின் குரல்
ஒலிபெருக்கி வழியாக இறங்கி வந்தது:
"இது காதூன். மூன்று படிகள்.
இருபத்தாறு மீட்டர் ஏறப்போகிறோம்.
பம்பு இல்லை.
மேலே இருக்கும் தண்ணீர் கீழே வரும், அவ்வளவுதான்."
கொலோன் நகரத்துக்காரி.
எத்தனையாவது முறை சொல்கிறாளோ,
அந்த 'அவ்வளவுதான்' மட்டும் புதிதாக இருந்தது.

சற்று முன்புதான்
துடுப்புப் படகில் இரண்டு பேர் வந்து
இத்தனை பெரிய கப்பலிடம்
பக்கத்து வீட்டில் இரவல் கேட்பதுபோல
ஒரு கயிறு வாங்கிப் போனார்கள்.

பிறகு சுவர் இறங்கத் தொடங்கியது.
ஏறுவது நாங்கள்தான் என்று தெரியும்.
ஆனாலும் கண்ணுக்குச் சுவர்தான் இறங்கியது:
துருக்கோடு,
யாரோ சுரண்டிய இரண்டு எழுத்து,
திடீரென்று வெளிச்சம், புல், தண்டவாளம்,
ஒரு ஜோடி பூட்ஸ்.

பூட்ஸ். முழங்கால். கிரீஸ் படிந்த கையுறை.
மார்புச் சட்டையில் தைத்த பெயர், அப்தியேல்.
பிறகு முகம்,
என் முகத்துக்கு நேரே.
வாயில் பாதி ஒஹல்த்ரே.
பூரிதான், கொஞ்சம் தடிமன்.

பேசாமல் இருக்க முடியாத அளவுக்குப் பக்கம்.
"நல்ல அறை" என்றான்.
"மலிவானது" என்றேன்.
"இங்கிருந்து பார்த்தால் எல்லாமே நல்ல அறைதான்."
மென்று விழுங்கிவிட்டு
எங்களைத் தூக்கும் தண்ணீரைத் தாடையால் காட்டினான்.
"சாக்ரெஸ் மலையில் பெய்த மழை.
உங்களை ஏற்றி இறக்கிவிட்டு
உப்புக்குள் போய்விடும்.
ஒரு கப்பலுக்கு இருபது கோடி லிட்டர்."
குறையாக இல்லை,
கடைக்காரர் விலை சொல்வதுபோலச் சொன்னான்.
"போன வறட்சியில் எங்கள் வீட்டுக் குழாய்
விடிகாலை நாலு மணிக்குக் கொட்டும்,
நாலே முக்காலுக்கு நிற்கும்.
யாமிலெத் அலாரம் வைத்து எழுந்து
சோற்றுப் பானையில்கூடப் பிடித்துவைப்பாள்.
அப்போதும் கப்பல் போனது.
கொஞ்சம் குறைவாக."

அன்று காலை நான் இரண்டு முறை குளித்திருந்தேன்.
தலை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.
அதை அவன் பார்த்தானா, தெரியவில்லை.

அதற்குள் அவன் இறங்கிக்கொண்டிருந்தான்.
நெற்றி, தலைக்கவசம்,
தலைக்கவசத்தின் உச்சியில் கோணலாக ஒட்டிய
பச்சைக்கிளி ஸ்டிக்கர்.
அது அவனுக்கே தெரியாமல் இருக்கலாம்.
அண்ணாந்து ஏதோ சொன்னான்.
இழுவை வண்டியின் மணி அதை விழுங்கிவிட்டது.
கை அசைத்தேன்.
மேலிருந்து அசைக்கும்போது
கை வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது.

மதியம், ஏரி.
தண்ணீருக்கு மேல் பட்டமரங்களின் நுனிகள்,
ஒன்றில் சிறகு விரித்துக் காயும் நீர்க்காகம்.
கீழே ஊர்கள் இருக்கின்றன என்று
எனேய்தா பெயர்களை வாசித்தாள்.
நாலாவது பெயரில்
சாப்பாட்டு மணி அடித்தது.

குலேப்ரா மலைவெட்டை நெருங்கும்போது
வானம் கறுத்துக் கொட்டியது.
துண்டுகள், தொப்பிகள், குடை செருகிய கோப்பைகள்
எல்லாம் கூரைக்குள் ஓடின.
கப்பல் தலைவரே ஒலிபெருக்கியில் வந்து
மழைக்காக வருத்தம் தெரிவித்தார்.

அவர் முடிக்குமுன்
மைக்குக்குச் சற்றுத் தள்ளி
ஒரு பெண் சிரிப்பது கேட்டது.