அவதானம்

நிலாவெளியில் எங்கள் பள்ளிக்கு ஆய்வுகூடம் இல்லை.
ஆய்வுகூடம் என்று எழுதிய அறை உண்டு,
உள்ளே உடைந்த கதிரைகள்
ஒன்றின் மேல் ஒன்று ஏறி இருக்கின்றன.
ஆகையால் வெளிச்சத்தை வெளியில் வைத்தே படித்தோம்.

மஞ்சள் தூளை ஸ்பிரிட்டில் கரைத்து
கொப்பித் தாளில் பூசி உலர்த்தி
பத்து மணி வெயிலில் படிகளில் பரப்பினோம்.
சேர் வந்து சேரவில்லை.
குச்சவெளி பஸ் வழியில் நின்றுவிட்டதாம்.
போனில் சொன்னார்: "நீங்கள் தொடங்குங்கோ."

ஒரு தாளின் மேல் கண்ணாடித் துண்டு.
ஒன்றின் மேல் இருமல் பாணிப் போத்தலின் மண்ணிறச் சில்லு,
துவாரகன் கொண்டுவந்தது, விரலையும் வெட்டிக்கொண்டு.
ஒன்றின் மேல் பொலித்தீன், அதில் நான் கொண்டுவந்த களிம்பு.
வெள்ளைக்காரர் கடலுக்கு இறங்குமுன் பூசுவது.
அம்மா கூட்டும் அறையின் குப்பைக் கூடையில் கிடந்ததாம்,
அடியில் ஒரு விரற்கடை மிச்சம்.
"இந்தக் காசுக்கு ரெண்டு கிலோ அறுக்குளா வாங்கலாம்"
என்றாள் சர்மினி, போனில் விலையைப் பார்த்து.
பிறகு எல்லாரும் மூக்கில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்தார்கள்.

இரண்டு மணிக்கு எடுத்தோம்.
திறந்து கிடந்த தாள் வெளிறிப் பழைய பல் மாதிரி.
கண்ணாடிக்குக் கீழேயும் அப்படித்தான்.
களிம்புக்குக் கீழே கொஞ்சம் மஞ்சள். கொஞ்சந்தான்.
மண்ணிறச் சில்லுக்குக் கீழே
காலையில் பூசிய மஞ்சள் அப்படியே,
சில்லின் உடைந்த விளிம்போடு.
ஆஸ்பத்திரிப் போத்தல் வென்றதென்று
துவாரகன் கட்டுப்போட்ட விரலைத் தூக்கிக் காட்டினான்.

சேர் வந்தபோது வியர்வையும் அவசரமும்.
இர்ஷாத்தின் வாப்பா கடையிலிருந்து
கள்ளநோட்டுப் பார்க்கும் விளக்கு வந்திருந்தது.
கதிரை அறைக்குள் நுழைந்து
யன்னலுக்குச் சாக்குக் கட்டினோம்.

மஞ்சள் கரைசல் தீயில்லாமல் பச்சையாய் எரிந்தது.
வெள்ளைத் தாளில் தடவிய களிம்பு,
வெளியில் நின்றபோது கண்ணுக்கே தெரியாதது,
மை கொட்டினாற்போல் கறுத்தது.

பிறகு இர்ஷாத் விளக்கை எங்கள் பக்கம் திருப்பினான்.
சட்டைகள் எல்லாம் நீலமாய் விழித்துக்கொண்டன.
"உடுப்புத் தோய்க்கிற தூளில் ஒரு மருந்து இருக்கு" என்றார் சேர்.
"தெரியாத வெளிச்சத்தைக் குடிச்சிட்டு
தெரியிற வெளிச்சமாத் திருப்பித் தரும்."
"உன்ர சட்டைதான் கூட மின்னுது.
என்ன தூளடி?" என்றாள் சர்மினி.

எங்கள் வீட்டில் தூள் வாங்குவதில்லை.
சோற்றுப் பெட்டியின் அடியில், பொலித்தீனில் முடிந்து,
வியாழக்கிழமைகளில் வரும்.
அம்மா என்னைப் பாராமல் முடிச்சை அவிழ்ப்பாள்.
நான் கேட்டதில்லை.
வாசம் மட்டும் தெரியும்,
நான் படுக்காத கட்டில்களின் விரிப்பு வாசம்.

விளக்கு இன்னும் என்மேல்தான் இருந்தது.
அந்தக் களிம்பை எடுத்து
நெஞ்சு முழுக்கப் பூசிக் கறுத்துவிடலாம் போலிருந்தது.

கொப்பியில் எழுதினோம்.
அவதானம்: வெள்ளைச் சட்டைகள் நீல நிறமாக ஒளிர்ந்தன.
ஒன்று மற்றவற்றைவிட அதிகம்.
காரணம்:

இரண்டு வரி விட்டு
அடுத்த பரிசோதனைக்குக் கோடு கீறினேன்.