கைநாட்டு

தோள்பட்டை உடைந்து ஒட்டிய பிறகு
பிசியோ பெண் சொன்னாள்:
கைப்பிடி உள்ள எதையாவது சுற்றுங்கள்,
தினம் அரைமணி நேரம்.
எங்கள் வீட்டில் கைப்பிடியோடு இருந்தது
மருமகள் அரிஹியாவின்
அட்டை வெட்டும் இயந்திரம் ஒன்றுதான்.

டிசம்பர் முதல் வாரம். திமாரு.
வடமேல் காற்று
அடுப்புக் கதவைத் திறந்துவிட்டாற்போல் அடிக்கிறது.
ஜன்னலைத் திறந்தால் பொன்துகள் பறந்துவிடுமாம்.
எல்லாவற்றையும் சாத்திவிட்டு
பனியனோடு உட்கார்ந்து
பனி வெட்டுகிறேன்.

இந்த ஊரில் கிறிஸ்துமஸுக்குப் பனி விழுந்து
நான் பார்த்ததில்லை.
"அட்டையிலாவது விழட்டுமே, செல்வின்"
என்கிறாள் அரிஹியா.

எஃகு டையை அட்டைமேல் கவிழ்த்து
மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு,
உள்ளே தள்ளிச் சுற்றினால்
நடுவழியில் ஒரு முனகல்.
அப்புறம் நறுக்கென்று ஒன்று.
முப்பத்தொரு வருஷம் இறைச்சி ஆலையில்
ஆட்டின் முன்னங்காலைப் பிரித்த கைக்கு
இந்தச் சத்தம் தெரியும்.
கத்தி மூட்டைக் கண்டுபிடித்த சத்தம்.

ஆறு முனைப் பனிப்பூ தனியாக வரும்.
அது இருந்த ஓட்டை அட்டையில் நிற்கும்.
ஓட்டைகளையும் அவள் எறிவதில்லை,
நீலத்தாள் ஒட்டினால் இரவு வானமாம்.

நாற்பது அட்டைக்கு நட்சத்திரம்
என் பொறுப்பில் வந்தது.
ஒட்டும் மையில் ரப்பர் ஸ்டாம்ப்பை ஒற்றி
அட்டையில் அழுத்து.
ஈரம் காய்வதற்குள் துகளைக் கொட்டு.
மிச்சத்தைத் தட்டிப் புட்டியில் சேர்.
வெப்பக் காற்றைக் காட்டு.
மாவு மாதிரிக் கிடந்தது
விளிம்பிலிருந்து நடுங்கி
சட்டென்று உருகிப் பளபளத்து
புடைத்து நிற்கும்.
ஒவ்வொரு முறையும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்,
வெட்கமாக இருந்தது.

பதினேழாவது அட்டையில்
நட்சத்திரத்துக்குப் பக்கத்தில்
இன்னொன்றும் எழுந்தது.
மத்தியானம் மட்டன் பை தின்ற கட்டைவிரல்.
எண்ணெய்ப் பிசுக்கில் துகள் ஒட்டி,
சூட்டில் உருகி,
ரேகை ரேகையாகப் பொன்.
"கை கழுவினீர்களா இல்லையா?"
கழித்த அட்டைகளோடு போடப் போனாள்.
நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்த வேலைநிறுத்தம் ஒன்பது வாரம்.
ஆறாவது வாரம் லாக்லன் பெக் உள்ளே போனான்.
எதற்காகப் போனான் என்று
யாரும் கேட்கவில்லை, நானும்தான்.
இரவோடு இரவாக அவன் வெளிக்கதவில்
கருங்காலி என்று எழுதினார்கள்,
சிவப்பில், ஆள் உயரத்துக்கு.
தூரிகை என் கையில் இல்லை.
பெயின்ட் டப்பாவைப் பிடித்திருந்தேன், அவ்வளவுதான்.
இத்தனை காலமும்
அதை ஒரு பெரிய வித்தியாசமாக வைத்திருந்தேன்.

ஒன்பது தெரு தள்ளித்தான் இருக்கிறான்.
மீன் கடை வரிசையில் அவன் பிடரியைப் பார்த்திருக்கிறேன்,
நரைத்து, சுருக்கம் விழுந்து.
அடுத்த கடைக்குப் போய்விடுவேன்.

உள்ளே ஒற்றுவதற்கு
அரிஹியாவிடம் எத்தனையோ வாழ்த்து ஸ்டாம்ப்புகள்:
அமைதி, மகிழ்ச்சி, நல்லெண்ணம்.
ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்தேன்.
எல்லாம் வேறு யாரோ பேசுவது மாதிரி இருந்தது.
கடைசியில் பென்சிலால் எழுதினேன்:
டப்பா பிடித்தவன்.
கையெழுத்து வேண்டாம்,
கைநாட்டுதான் முன்பக்கமே இருக்கிறதே.
நடந்து போய்ப் போட்டிருக்கலாம்.
ஸ்டாம்ப் ஒட்டித் தபாலில் போட்டேன்.

இருபத்து மூன்றாம் தேதி பதில் வந்தது.
கடையில் வாங்கிய அட்டை.
பனி மூடிய ஏதோ ஒரு இங்கிலாந்து மாதாகோவில்.
பின்னால் விலைச்சீட்டைப் பாதி கிழித்து விட்டிருந்தான்.
உள்ளே
லாக்லன் முன்ரோ பெக்,
சம்பளப் பட்டியலில் போடுவதுபோல முழுப்பெயர்.
வேறு ஒரு சொல் இல்லை.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
வெளிச்சத்தில் சாய்த்தும் பார்த்தேன்.
அரிஹியா பதினொரு அட்டைகளுக்கு நடுவில்
அதையும் கயிற்றில் மாட்டிவிட்டாள்.

அந்தக் கதவுக்கு இப்போது என்ன நிறமோ.
ஒருநாள் அந்தப் பக்கமாகப் போகலாம்.
பிசியோ பெண்
நடக்கவும்தான் சொல்லியிருக்கிறாள்.