கடைசி வால்வு

சாயல்குடி தாண்டிக் கடல்பக்கம்
கூட்டுக் குடிநீர்க் குழாய் முடியும் இடத்தில்
ஒரு சிமெண்டுத் தொட்டி.
நாலு வருஷமாய் அதில் ஆடுதான் படுத்திருந்தது.

லாரித் தண்ணீர் குடம் பதினைந்து ரூபாய்.
பாசி எடுத்துக் கரையேறினால்
கண்ணுக்குள் போன கடலைக் கழுவ
அரைச் செம்பு.
அதையும் யோசித்துத்தான் சாய்ப்போம்.

ஃபிட்டர் ஜஸ்டஸ் வந்தான்.
உடைமரக் காட்டுக்குள் குழாய் போன வழியே
மண்வெட்டியோடு நானும் பிலவேந்திரியும்.
முதல் நாள் ஒன்றுமில்லை.
மறுநாள் என் குதிகாலில் முள்.
மூன்றாம் நாள்
இறால் பண்ணை வேலிக்கடியில்
இரண்டங்குலக் குழாயொன்று
யாரிடமும் சொல்லாமல் உள்ளே திரும்பியிருந்தது.
காவல்காரர் பீடி பற்றவைக்க
அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.
ஜஸ்டஸ் ரம்பத்தை எடுத்தான்.

வால்வைத் திருக மூன்று பேர்.
சாயங்காலம் குழாய் முதலில் இருமியது.
பிறகு ஒரு செத்த பல்லி,
துருநிறத்தில் கொஞ்சம்,
நெடுநேரம் வெறுங்காற்று.
பிறகு தண்ணீர்.

வரிசைச் சண்டையைக்கூட மறந்து நின்றோம்.
பிலவேந்திரியின் மகள்,
உவர்ப்பிலேயே பால்குடி மறந்தவள்,
ஒரு வாய் குடித்துத் துப்பினாள்:
"இதுல ஒண்ணுமே இல்லம்மா."

ஊற்றை மூடிவிடுங்கள் என்றான் ஜஸ்டஸ்.
மணலில் ஆளுயரக் குழி,
ஆடு விழும், பிள்ளை விழும்.
சரிதான்.
ஓலை பரப்பி மூடினோம்.
மண் தள்ளவில்லை.

கலங்காமல் மொள்ளத் தேய்ந்து தேய்ந்து
விளிம்பு கத்தியான அந்தச் சிரட்டை
என் வீட்டு இறவாணத்தில் இருக்கிறது.